நம்மவர் வராத கடற்கரை

எந்த ஊரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "அங்க நம்மாளுங்க வருவாங்களா?"

தாஹோ ஏரிக்குப் போனோம் என்றால் கேட்பார். ஹவாய் என்றால் கேட்பார். ஒரு பொங்கலுக்கு, கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டில் விருந்து. அலாஸ்காவுக்குக் கப்பலில் போய் வந்த நண்பர் ஒருவர், பனிப்பாறை உடைந்து விழுந்ததையும் திமிங்கிலம் வாலைக் காட்டியதையும் எல்லோரும் வாயைப் பிளக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்த இவர், எல்லாம் முடிந்த பிறகு, "கப்பல்ல நம்மாளுங்க இருந்தாங்களா?" என்றார். "ஏகப்பட்ட பேரு. ஒரு நாள் டெக்ல அந்தாக்ஷரியே நடந்துச்சு" என்று பெருமையாக வந்தது பதில். இவர் தலையை ஆட்டிவிட்டு வடையைப் பிட்டுக்கொண்டார். அன்றோடு அலாஸ்காவைத் தலைமுழுகிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இந்த ஒரு கேள்வியால் எங்கள் வட்டாரத்தில் அவருக்குக் கெட்ட பெயர். "சிட்டிசன்ஷிப் வந்ததும் நம்மளைப் பார்த்தா இளக்காரம்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கே காய்ச்சல் என்றால், ரசமும் பருப்புத் துவையலுமாக வாசலில் வந்து நிற்பவரும் அவர்தான். புதிதாக வந்து இறங்குகிற குடும்பத்துக்குக் கட்டில் தூக்குவது, அவர்களுடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைவது, விமான நிலையத்துக்கு ஓடுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். மனிதர்களை அவருக்குப் பிடிக்கும். அதிலும் நம் மனிதர்களை ரொம்பவே பிடிக்கும். பிறகு எங்கே போனாலும் அவர்கள் இருக்கக் கூடாது என்று ஏன் நினைக்கிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அவர் அரைக்கைச் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. ஜூலை வெயிலில், பூங்காவில் சோளம் வாட்டிக்கொண்டு நாங்கள் எல்லோரும் அரைக்கால் சட்டையில் நிற்போம். அவர் மட்டும் மணிக்கட்டுப் பித்தானும் கழுத்துப் பித்தானும் போட்ட முழுக்கைச் சட்டையில், அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர் போல நிற்பார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நீச்சல் குளத்துக்குப் போனால், நிழலில் உட்கார்ந்து எல்லோருடைய துண்டுக்கும் செல்போனுக்கும் காவல் இருப்பார். குழந்தைகள் தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்டால், "அங்கிளுக்கு நீச்சல் தெரியாதுடா" என்பார். மாயவரத்தில் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியாதாம். நானும் அதை நம்பினேன்.

அவரும் நானும் குபெர்டினோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் வேலை பார்த்தோம். வண்டியில் இரண்டு பேராவது இருந்தால்தான் போகலாம் என்கிற கார்பூல் லேனுக்குத் துணை வேண்டும் என்பதற்காகச் சேர்ந்து போக ஆரம்பித்து, பல வருடம் அப்படியே போனோம். என்னைவிட ரொம்ப மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் தம்பி என்பார், ஆனால் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். கார் அவருடையது, கறுப்பு இருக்கை. ஆபீஸ் வந்ததும் நான் இறங்கிவிடுவேன். அவர் கைக்கடக்கமான ஒரு வேக்யூமை எடுத்து, தான் உட்கார்ந்த இருக்கையைச் சுத்தமாக உறிஞ்சிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். வீடு திரும்பியதும் அதே வேலை. சுத்தப் பைத்தியம் என்று நினைத்தேன். "இந்த சீட்டுக்கு விபூதி பூசாததுதான் பாக்கிண்ணே" என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். சிரித்துக்கொள்வார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சில நாள் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போவேன். கணினித் திரையில் வேலை இருக்காது, கடல் இருக்கும். செயற்கைக்கோள் எடுத்த படம். கிரேக்க நாட்டுத் தீவுகளின் கரையை அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தயிர் சாதம் சாப்பிடுவார்.

"என்னண்ணே, கிரீஸ்ல மனை ஏதும் வாங்கப் போறீங்களா?"

"மனை இல்ல தம்பி. சும்மா ஒரு இடம்" என்றவர், கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "ரோடு எங்க முடியுதுன்னு பாருங்க. அதுக்கப்புறம் ஒத்தையடிப் பாதையா போகுதா, நல்லது. மணல்ல வரிசையா புள்ளி புள்ளியா தெரிஞ்சா குடை போட்டு வாடகைக்கு விடறான்னு அர்த்தம், அது வேணாம். தெற்கு பார்த்த கரையா இருக்கணும். அப்பதான் நாள் முழுக்க வெயில் விழும்."

அதற்குப் பிறகு போய் வந்தவர்கள் எழுதியதைப் படிப்பார். எல்லோரும் புகழ்ந்த கரையை ஒதுக்கிவிடுவார். கழிப்பறை இல்லை, நிழல் இல்லை, வாயில் போட ஒன்றும் கிடைக்கவில்லை, பாதையில் முட்டி பெயர்ந்துவிட்டது என்று யாராவது ஒரு ஜெர்மன்காரர் வயிறெரிந்து எழுதியிருந்தால் அண்ணன் முகம் மலரும். கடைசிச் சோதனை யூட்யூப். தீவின் பெயரைத் தமிழில் போட்டுத் தேடுவார். "நம்ம பசங்க யாராவது ட்ரோன் விட்டு வீடியோ போட்டிருந்தா அந்த இடம் போச்சு தம்பி. அடுத்த வருஷம் புளியோதரையோட பஸ்ஸு வந்துடும்."

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அண்ணியோடு கிளம்பிப் போய்விடுவார். செப்டம்பர் பாதி தாண்டித்தான் வருவார். போட்டோ எதையும் காட்ட மாட்டார். கருத்துப்போய், மூக்குத் தோல் உரிந்து, பத்து வயது குறைந்தவராக வந்து காரை எடுப்பார். கொஞ்ச நாள் வேக்யூமுக்கும் வேலை இருக்காது.

அவர் விஷயத்தைச் சொன்னது ஃப்ரீவேயில். முன்னால் எங்கோ விபத்து, வண்டிகள் நகரவில்லை. பேச்சு தீர்ந்துபோய், நான்தான் மறுபடி கிரீஸை இழுத்தேன்.

"அப்படி என்னண்ணே பண்ணுவீங்க அங்க?"

"குளிப்பேன்."

"குளிக்கறதுக்கு அவ்வளவு தூரமா? சாண்டா க்ரூஸ் பீச் இங்கதானே இருக்கு?"

"அங்க நம்மாளுங்க வருவாங்க" என்றார். முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே மேலே சொன்னார். "துணி இல்லாம குளிக்கணும் தம்பி. அதுக்குன்னு கரை இருக்கு அங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. அவர் மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார். உள்ளே தோல் சிவந்து தடித்து, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில் படர்ந்திருந்தது. அவர் சட்டையை மடித்த அசைவிலேயே கொஞ்சம் செதில் கறுப்பு இருக்கையில் உதிர்ந்தது. அவர் பழக்கத்தில் அதைக் கையால் தட்டிவிட்டார்.

"சோரியாசிஸ். ஊர்ல காளாஞ்சகப்படைம்பாங்க. முதல்லயே சொல்லிடறேன், இது ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது."

"தெரியும்ணே."

"தெரிஞ்சவங்களும் இடம் மாறித்தான் உட்காருவாங்க தம்பி. நீங்க மாற மாட்டீங்க, தெரியும். இருந்தாலும் இத்தனை வருஷம் சொல்ல வரல."

பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் வந்ததாம். அம்மா வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்து, ஊதா நிறமாக எண்ணெய் எடுத்துத் தடவுவார்களாம். ஐப்பசி மாதம் மாயவரத்தில் துலாக்கட்டப் படித்துறையில் குளிப்பது விசேஷம். அந்த வருடம் காவிரியில் முங்கினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, அம்மா அழைத்துப் போயிருக்கிறார்கள். இவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கியிருக்கிறார்.

"நான் எறங்கினதும் குளிச்சிட்டு இருந்தவங்க ஒவ்வொருத்தரா ஏறிட்டாங்க. யாரும் திட்டல, ஒண்ணும் சொல்லல. ஏறி, துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்க சித்தப்பா பாதி சோப்போட ஏறினாரு. எல்லாம் தெரிஞ்ச முகம். அவ்வளவு பெரிய ஆத்துல நான் மட்டும் நிக்கறேன். அம்மா படியில நின்னு, 'நீ குளிடா, நீ குளிடா'ங்கறாங்க."

வண்டிகள் நகர ஆரம்பித்தன. அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக் காரை எடுத்தார்.

பின்னாளில் மருத்துவமனையில் தோலுக்கு விளக்கு வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள். வெயிலும் உப்புத் தண்ணீரும் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கின்றன, ஆனால் உடம்பு முழுக்கப் பட வேண்டும் என்று ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல். முதல் தடவை அந்தக் கரையில் இறங்கியபோது நாலைந்து வயதான வெள்ளைக்காரர்கள் இருந்தார்களாம். தொந்தி, தொங்கின சதை, ஆபரேஷன் தழும்பு என்று ஆளுக்கு ஒன்று. இவர் பாறை மறைவில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்திருக்கிறார். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து, தண்ணீர் இன்று கொஞ்சம் குளிர் என்று சொல்லிவிட்டு நீந்திக்கொண்டே இருந்தாராம்.

"யாரும் ஏறல தம்பி" என்றார்.

அண்ணி கரைக்கு வர மாட்டார். பாதை இறங்குகிற இடத்தில் ஒரு மரத்தடியில், சுடிதாரும் தொப்பியுமாக, குரோஷா பின்னும் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம் ஊர் முகம் எதுவும் மேட்டில் தெரிந்தால் உரக்கப் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. "ஒரு வருஷமும் பாட வேண்டி வரல. நான் பாடினா இவரு அந்தப் பக்கமே நீந்திப் போயிருப்பாரு" என்று பின்னால் அண்ணியே என்னிடம் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் பிறந்த மேனியாக நிற்க முடிந்த மனிதருக்கு, தெரிந்தவர்கள் நடுவில் ஒரு பித்தானைக் கழற்ற முடியவில்லை. எனக்கு அது ஃப்ரீவேயில் நின்ற அன்றைக்குத்தான் புரிந்தது.

அவருக்கு அறுபது நெருங்கியது. மாயவரத்துக்காரருக்குத் திருக்கடையூர் கூப்பிடு தூரம். அறுபதாம் கல்யாணத்துக்கு உலகமே அங்கே வருகிறது, இவர் மட்டும் மாட்டேன் என்றார். ஊரிலிருந்து அவருடைய அத்தை போன் போட்டு அழுதார். லீவு இல்லை என்றார். காரில் என்னிடம்தான் உண்மையைச் சொன்னார். "மணையில சட்டை இல்லாம உட்காரணும். கலசத் தண்ணியை, தலைக்கு மேல சல்லடை பிடிச்சு, சொந்தக்காரங்க வரிசையா வந்து ஊத்துவாங்க. அந்த வரிசைல யார் வராங்க, யார் வரலைன்னு நான் பாக்கணுமா? என்னால முடியாது."

அவருக்கு ஒரே பெண். டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள், தமிழ் நன்றாகப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அப்பாவுக்குக் கையில் ஏதோ அலர்ஜி என்ற அளவில் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டையிலேயே இருந்த மனிதரின் முதுகை அவள் பார்த்ததில்லை. ஒரு தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் அப்பாவின் லேப்டாப்பை எதற்கோ திறந்தவள், கிரேக்கக் கடற்கரைப் படங்களைப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு கரையில் மட்டும் நட்சத்திரக் குறி. வருடா வருடம் அம்மாவும் அப்பாவும் தன்னைக் கூப்பிடாமல் போய் வருகிற இடம். அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை, இது அவருடைய கனவு, அறுபதாம் கல்யாணத்தை அங்கே வைக்கத்தான் திருக்கடையூரை வேண்டாம் என்கிறார் என்று அந்தப் பெண் முடிவு கட்டிவிட்டாள். பாசம் இருக்கிற பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்ய வரும்.

கோடை தொடங்கும்போது வீடியோ காலில் சர்ப்ரைஸை உடைத்தாள். மறுநாள் காலை கார் ஃப்ரீவேயில் ஏறியதும் என்னிடம் சொன்னார்.

"எல்லாருக்கும் டிக்கெட் போட்டுட்டா தம்பி. அத்தைக்கு விசாவே வந்தாச்சாம். நியூ ஜெர்சிலேர்ந்து மச்சான் குடும்பம், சென்னைலேர்ந்து சித்தப்பா பசங்க, லண்டன்லேர்ந்து குருக்கள். உங்களையும் கூப்பிடுவா."

"எந்த ஊர்லண்ணே?"

"அந்தக் கரைக்கு மேல இருக்கற ஊர்ல."

சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்ற பிறகு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்கண்ணே."

"என்னன்னு சொல்றது? நீ ஆசைப்பட்டுப் பண்ணது எனக்கு வேணாம்னா? உங்கப்பன் அங்க அம்மணமா குளிக்கப் போறவன்னா?"

ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. குடும்ப வாட்ஸாப்பில் தன் முதுகு சுற்றுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மகள் அதையும் அழகாக எடுத்துக்கொண்டாள். எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடலாம், ஒரு போட்டோகிராபர் மட்டும் எடுக்கட்டும் என்றாள்.

வழக்கம்போல ஆகஸ்ட் கடைசியிலேயே போய்விட்டால், உறவினர் வந்து சேர்வதற்குள் வெயிலில் தோல் அடங்கிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. அவருடைய ஜென்ம நட்சத்திரம் ஆவணிக் கடைசியில், செப்டம்பர் நடுவில்தான் வந்தது. ஆனால் அந்த வருடம் ஆபீஸில் பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ். முன்னதாக லீவு தர முடியாது என்றுவிட்டார்கள். கவலையில் உடம்பு இன்னும் மோசமானது. கழுத்துப் பித்தானுக்கு மேலேயும் சிவப்பு ஏறியது. ஆபீஸ் வாசலில் வேக்யூம் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் கதவருகே நிற்காமல் நடந்துவிடுவேன்.

கடைசியில் அவர் எங்களோடு ஒரே விமானத்தில்தான் வந்து இறங்கினார். மலைச்சரிவில் சின்ன விடுதி, முற்றத்தில் திராட்சைப் பந்தல், கீழே கடல். வாழைமரம் கிடைக்காமல் மகள் தூண்களில் காகிதப்பூக் கொடியைக் கட்டியிருந்தாள். அத்தை சூட்கேஸில் கலசங்களையும் சல்லடையையும் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். விடிந்ததிலிருந்து குருக்களின் குரல் முற்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பட்டு வேட்டியும் வெள்ளை முழுக்கைச் சட்டையுமாக மணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணி.

"அபிஷேகத்துக்கு சட்டையைக் கழட்டிக்கோங்கோ" என்றார் குருக்கள்.

அவர் அசையவில்லை. "சட்டையோடவே உட்காருங்க, யாரு கேக்கப் போறாங்க" என்று அண்ணி மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. குருக்களும் விவரமானவர், வற்புறுத்தவில்லை. சட்டையோடு இருந்தால் அன்று ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. அவர் நிமிர்ந்து எதிரே நின்ற மகளைப் பார்த்தார். அவள் புடவையைச் சரியாகக் கட்டத் தெரியாமல் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள். அவர் கழுத்துப் பித்தானில் கை வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்து அண்ணியிடம் கொடுத்தார்.

முற்றத்தில் பேச்சு நின்றுவிட்டது. மகளுடைய சிரிப்பும் நின்றது. "பெரியவா ஒவ்வொருத்தரா வரலாம்" என்று குருக்கள் கூப்பிட்டார். யாரும் கிளம்பவில்லை. அவர் தலை குனிந்திருந்தது.

மகள்தான் முதலில் வந்தாள். முறைப்படி அவள் முதலில் வர வேண்டியவள் இல்லை. கலசத்தை எடுத்து அவர் தலையில் ஊற்றினாள். பிறகு குனிந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல, வெறும் கையால் அவர் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை தடவிவிட்டாள். "ஐ டிடின்ட் நோ, அப்பா" என்றாள். "ஐ டிடின்ட் நோ." அவர், "பரவால்லடா, பரவால்ல" என்றார். அதற்குள் அத்தை எழுந்து வந்துவிட்டார். ஊற்றுவதற்கு முன், "தண்ணி பட்டா எரியுமாப்பா?" என்று கேட்டார்.

"எரியாதுத்தே. நல்லாருக்கு. ஊத்துங்க."

அப்புறம் வரிசை வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: எல்லோரும் வரவில்லை. சித்தப்பா பையன் ஒருவன் கடைசிவரை தூணோரமாக நின்றுவிட்டான். ஒரு அம்மாள் கையை எட்டி நீட்டி, தள்ளி நின்று ஊற்றிவிட்டுத் தன் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அண்ணன் இரண்டையும் பார்த்தார். நானும் என் மனைவியும் எங்கள் முறைக்கு ஊற்றினோம்.

மறுநாள் உறவினர் எல்லோரும் தீவைச் சுற்றிப் பார்க்கப் பஸ்ஸில் போனார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். "வர்றீங்களா தம்பி, கரையைப் பாக்க?" அண்ணியும் வர, கூடவே நடந்தேன். அண்ணி வழக்கமாக உட்காரும் மரத்தடி வரை போனேன். அதற்குமேல் கால் எழவில்லை. என் உடம்பில் மறைக்க ஒன்றும் இல்லை. இருந்தும் என்னால் முடியவில்லை. அவர் வற்புறுத்தாமல் இறங்கிப் போனார். அண்ணியும் நானும் ஃபிளாஸ்க்கில் இருந்த காப்பியைக் குடித்துக்கொண்டு, கீழே தண்ணீர் அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம்.

மாதங்கள் கழித்து ஆல்பம் வந்தது. கனமான தோல் அட்டை போட்டது. அதைப் பார்க்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். சோபாவில் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அபிஷேகப் படம் வந்தது. கலசத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, பின்னால் கடல், மணையில் ஒரு மனிதர். தோள், மார்பு, முதுகு எல்லாம் எண்ணெய் தடவின தேக்கு மாதிரி வழவழவென்று, ஒரு திட்டு இல்லாமல் இருந்தது. எல்லாப் படத்திலும் அப்படியே.

அவர் ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு போட்டோகிராபரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பையனும் நம் ஊர்க்காரன்தான், லண்டனில் இருக்கிறான்.

"சார், ஆல்பம் பிடிச்சிருந்துச்சா? ஸ்கின் எல்லாம் க்ளீன் பண்ணியிருக்கேன் சார். அதுக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் பண்ணல, என் சைடுலேர்ந்து கிஃப்ட்."

"ரொம்ப தேங்க்ஸ் தம்பி. கோபமெல்லாம் இல்ல. எனக்கு க்ளீன் பண்ணாத படம் வேணும்."

"ஏன் சார்? இது நல்லா இருக்கே."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு அங்க உட்கார்ந்தது இவரு இல்ல, நான். நான் இருக்கற படத்தை அனுப்புங்க."

"ஒரிஜினல் ஃபைல் எல்லாம் ஆல்பம் டெலிவரி ஆனதும் டெலீட் பண்ணிடுவோம் சார். எடிட் பண்ணதுதான் இருக்கு. சாரி சார்."

"பரவால்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். வேறு யாரிடமும் கேட்க முடியாது; எல்லோருடைய போனையும் பெட்டியில் வைக்கச் சொன்னவரே அவர்தான். ஆல்பத்தை மூடினார். "நாற்பது வருஷமா மறைச்சு வெச்சேன் தம்பி. ஒரே ஒரு நாள் காட்டினேன். அதையும் அவன் மறைச்சுட்டான்" என்றார். அண்ணி சமையலறையிலிருந்து வந்து ஆல்பத்தை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்க ஃபிரிஸ்கோ போனார்கள். இரண்டு பேரும் அதற்குப் பிறகும் கிரீஸ் போனார்கள். போன குளிர்காலத்தில், காலையில் நடந்துவிட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நான் ஃபிரிஸ்கோவில் போய் இறங்கியபோது, மலர் வளையத்துக்கு நடுவில் அவர் படத்தை வைத்திருந்தார்கள். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டது. மகள் என்னிடம், "அங்கிள், உங்ககிட்ட க்ளீன் பண்ணாத அந்த அபிஷேக ஃபோட்டோ ஏதாவது இருக்கா? எதுவுமே இல்லையா?" என்று தமிழில் கேட்டாள். இல்லை என்றேன்.

அந்தப் படம் யாரிடமும் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன். காலை வெயில். இரண்டு முழங்கையிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த திட்டு. மார்பில் இடப்பக்கம் கொத்தாகச் சில. முதுகில் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை, திட்டோடு திட்டு சேர்ந்து, நல்ல தோல் எங்கோ ஒன்றிரண்டு இடத்தில்தான் தெரிந்தது. சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டிய கோடுகள். தண்ணீர் பட்டதும் செதிலின் வெள்ளை மறைந்து எல்லாம் சிவப்பானது, ஈர வேட்டியில் கொஞ்சம் உதிர்ந்து ஒட்டியது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்தை ஊற்றிவிட்டு நகர்ந்ததும் அவர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல், அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.